ஆறு நாட்டு பீரும் ஒரு கிராம்பும்

அப்பு,

வெள்ளிக்கிழமை மத்தியானம். நத்தத்துலருந்து பஸ்ல வந்து இறங்கி, சட்டையைக்கூடக் கழட்டாம இதை எழுத உக்காந்துட்டேன். உங்கம்மா தண்ணிச் சொம்பை முன்னாடி வச்சுட்டு, "என்ன சொன்னாக?"ன்னு கேட்டா. "ஒண்ணும் சொல்லல"ன்னேன். "ஒண்ணும் சொல்லலைன்னா அது நல்லதா, கெட்டதா?"ன்னு நிக்கிறா. எனக்கு என்னத்தத் தெரியும்? செலினோட அம்மாகிட்ட, உனக்கு மாமியாரா வரவேண்டிய டீச்சரம்மாகிட்ட, எல்லாத்தையும் சொல்லிட்டு வந்துட்டேன். எம்மகன் ஜெர்மனியில குளிர்பானக் கம்பெனியில இல்ல, பீர்க் கம்பெனியில இருக்கான். பீரை வாயில வச்சுப் பாத்து, இது தேறும் இது தேறாதுன்னு எழுதிக் குடுக்குறதுதான் அவன் உத்தியோகம். மாத்திச் சொன்ன பாவி நான்தான்னு சொல்லிட்டேன். நாளன்னைக்கு ஞாயித்துக்கிழமை கோயில்ல உங்க கல்யாண அறிவிப்பை, மூணாவது ஓலையை, வாசிக்கணும். வாசிப்பாகளா மாட்டாகளான்னு இந்த நிமிசம் எனக்குத் தெரியாது.

போன்ல சொல்லலாம்தான். சொன்னா நீ நடுவுல புகுந்து "பரவால்லப்பா, விடுங்கப்பா"ன்னு என்னையத் தேத்த ஆரம்பிச்சிருவ. எனக்கு இப்பத் தேறுதல் வேணாம். ஒருக்காவாச்சும் யாரும் குறுக்க பேசாம ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் உண்மையச் சொல்லிப் பாக்கணும்னு இருக்கு. அறுபத்திநாலு வயசுல வந்த ஆசை. உங்கம்மா பக்கம் பக்கமா போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவா. அந்த வித்தையெல்லாம் அவதான் படிச்சு வச்சிருக்கா.

கிறிஸ்மஸுக்கு நீ வந்திறங்குன அன்னிக்குப் பெட்டியத் தொறந்து, காலுறைக்குள்ள சொருகி வச்சிருந்த ஆறு சின்ன பாட்டிலை எடுத்து மேசையில வரிசையா நிப்பாட்டுன. ரெண்டு லிட்டருக்கு மேல கொண்டாரக் கூடாதாம்ல, அதுக்குத் தோதா ஆறு. செக் நாடு, இங்கிலாந்து, அயர்லாந்து, பெல்ஜியம், ஜப்பான், கடைசியா நீ இருக்குற ஜெர்மனி. உங்கம்மா பாத்துட்டு, "குடில் வைக்கிற மேசையில இது என்னடா கண்காட்சி?"ன்னா. "அப்பாவுக்கு என் வேலைய ஒருக்காவாச்சும் காட்டணும்மா"ன்ன. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். ஆறு வருசமா உன் வேலையப் பத்திப் பேச்செடுத்தாலே நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன்ல, அதே திமிருதான். ஏதோ கேக்கணுமேன்னு, "எந்த நாட்டு பீர் ஒசத்தி, அதை மட்டும் சொல்லு, போதும்"னேன். அதுக்கு நீ சிரிச்சுக்கிட்டே, "முப்பத்தஞ்சு வருசம் ஊருக்குக் குழாய் தொறந்துவிட்ட ஆளு நீங்க. உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்?"ன்ன. அந்த ஒரு வார்த்தையில என்னையக் கவுத்துட்டடா.

என் வேலைய யாரும் அப்படிச் சொன்னதில்ல. தெருத் தெருவாப் போயி வால்வைத் திருகி, முறை வச்சுத் தண்ணி விடுறது ஒரு வேலையான்னு சொந்தக்காரங்களே கேட்டிருக்காங்க. ஆனா ஒவ்வொரு லைனைத் தொறக்குறப்பவும் மொத மடக்கை நான் வாயில ஊத்திப் பாப்பேன். யாரும் சொல்லிக் குடுக்கல, நானாப் பழகிக்கிட்டது. ஆத்தூர் அணைத் தண்ணின்னா நாக்குல பட்டுட்டு சத்தங்காட்டாம இறங்கிரும். காவிரித் தண்ணிக்கு ஒரு மந்தம் இருக்கும். போர்வெல் தண்ணி உப்பு கரிச்சுப் பல்லுல நிக்கும். சேறு வாசம் அடிச்சா, தெருவுக்கு விடாம செத்த நேரம் சாக்கடையில ஓடவிட்டுத்தான் திருப்புவேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தத் தண்ணின்னு சொல்லிருவேன். அந்த நாக்குதான் உனக்கும் வந்திருக்குன்னு அன்னிக்குத்தான் எனக்கு ஒறைச்சது.

உங்கம்மா வாசக் கதவைச் சாத்திட்டு, சர்பத் டம்ளரைக் கழுவிக் குடுத்தா. மொதல்ல செக். ஒரு மடக்குதான் ஊத்துன. பாகக்காய் வறுவலோட கடைசியில வருமே, அப்படி ஒரு கசப்பு, வந்துட்டுக் குத்தாமப் போயிருச்சு. நான் யோசிக்கவே இல்ல, "இது அணைத் தண்ணி"ன்னுட்டேன். நீ மேசையத் தட்டுன தட்டுல சூசையப்பர் சொரூபம் ஆடிப்போச்சு. அந்த ஊர்த் தண்ணியில உப்பே கிடையாதாம், அதனாலதான் கசப்பு அம்புட்டு நயமா நிக்குதாம். அடுத்தது இங்கிலாந்து. "அடேய், இது நம்ம தெரு போர்"னேன். "ஆமாம்ப்பா, அங்க கிணத்துத் தண்ணியில ஜிப்சம் உப்பு"ன்ன. அந்தத் தண்ணிய வச்சுக்கிட்டு செக் நாட்டுக்காரன் பீரைச் செய்யப் பாத்தா நாக்கைச் சுரண்டிருமாம், அதனால அவுக தண்ணிக்கு எது ஒத்துவருமோ அதைச் செஞ்சாகளாம். அயர்லாந்துக்காரன் தண்ணியில சுண்ணாம்பு கூட. பார்லியக் கருக வறுத்துப் போட்டாத்தான் சரிக்கட்டும், அதான் அது காப்பி டிகாசன் மாதிரி கறுப்பா இருந்துச்சு. ஜப்பான்காரன் அரிசி சேக்குறான். வடிகஞ்சி ஆறித் தெளிஞ்ச மாதிரி லேசு. பெல்ஜியம் ஒண்ணுதான் எனக்கு ஆகல. கிறிஸ்மஸ் கேக்கைக் கரைச்சு ஊத்துன மாதிரி இருந்துச்சு. உங்கம்மா டம்ளரை மோந்து பாத்துட்டு, "இதை ஊத்தியே கேக்கு சுட்டிருக்கலாம்"னா.

அப்பறம் நீ டவுன்லருந்து வாங்கியாந்த ரெண்டு பாட்டிலையும் தொறந்த. ஒண்ணு வெளிநாட்டுச் சரக்கு, கப்பல்ல வந்தது. நான் மோந்துட்டு, "மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி"ன்னேன். "அதேதான்ப்பா! ருசி பாக்குற வேலைக்காரங்களும் இதே வார்த்தையத்தான் எழுதுவாங்க, மாசக்கணக்கா சூட்டுல கிடந்தா இந்த வாசம் வந்துரும்"னு குதிச்ச. இன்னொண்ணு நம்மூர் ஸ்ட்ராங். அதை நீ குறை சொல்லுவன்னு பாத்தேன். சொல்லல. "இங்க ஏறுமா ஏறாதான்னு மட்டுந்தான் கேக்குறாங்க. கேக்குறதைத்தான் செஞ்சு குடுக்குறாங்க. ருசி எங்கன்னு கேட்டாங்கன்னா நம்ம ஆளுக யாருக்கும் சளைச்சவங்க இல்ல"ன்ன. "அப்ப எந்த நாடுதாண்டா ஒசத்தி?"ன்னேன் மறுபடியும். "நாட்டுல ஒண்ணுமில்லப்பா. புதுசா பழசா, வெயில் பட்டுச்சா படலையா, தொட்டியக் கழுவுனாங்களா இல்லையா. தரம்னா அம்புட்டுத்தான்"ன்ன. எனக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு. எந்தப் பெருமைக்காரன்கிட்ட வேணாலும் சொல்லலாம்போல இருந்துச்சு.

அப்பத்தான் கேட்டேன், "வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிருவல்ல?"ன்னு. "ஒயினைத்தான்ப்பா துப்புவாங்க. பீரோட கசப்பு தொண்டையில இறங்குனாத்தான் தெரியும். ஒரு மடக்கு முழுங்கணும்"ன்ன. எனக்கு உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு. காட்டிக்கல. ஆறாவது பாட்டிலை நீ தொறக்கல. "இது எங்கூரு கோதுமை பீர். அடுத்த தடவை வாரப்ப நாம ரெண்டு பேரும் தொறப்போம். நம்ம சிறுமலை வாழைப்பழத்து வாசம் ஒண்ணு வரும். கூட இன்னொரு வாசமும் வரும், அதை நீங்களே கண்டுபிடிக்கணும், பரீட்சை"ன்னு சொல்லி என் கையில குடுத்த. அதைப் பேப்பர்ல சுத்தி ஃபிரிட்ஜுல காய்கறித் தட்டுக்கு அடியில வச்சேன்.

அன்னிக்கு ராவுல நிம்மதியாத் தூங்குனவன், பத்து நாள் கழிச்சு நத்தம் போயி என்ன காரியம் பண்ணேன் பாரு. செலின் சம்பந்தம் வந்துச்சு. காந்திகிராமத்துல படிச்ச புள்ள, நல்ல குடும்பம். மொதப் பேச்சுக்கு நான் மட்டும் போனேன். டீச்சரம்மா காப்பி குடுத்துட்டு, சுத்தி வளைக்காமப் பேசுனாக. "எங்க வீட்டுக்காரரு குடிச்சேதான் போனாரு. செலினுக்கு அப்ப ஏழு வயசு. எனக்கு சாதி சனம், நகை நட்டு எதுவும் கேக்க வேணாம்ணே. ரெண்டே கேள்வி. பையன் என்ன வேலை? குடிப்பாரா?" அவுக மொகத்தைப் பாத்தேன். வாய் அதுபாட்டுக்குப் பேசுச்சு: "குளிர்பானக் கம்பெனிங்க. தரம் பாக்குற வேலை. அவன் அந்த எழவையெல்லாம் தொடவே மாட்டான்." ஒரு விக்கல் இல்ல, ஒரு திணறல் இல்ல. அப்படி ஒரு சரளம்.

வீட்டுக்கு வந்து பெருமையா சொன்னப்ப நீ என்னைய ஒரு பார்வை பாத்த. "அப்பா, நான் முழுங்குறவன்ப்பா"ன்ன. இப்பவே போயி மாத்திச் சொல்லுங்கன்னு நின்ன. கல்யாணத்துக்கு முன்னாடி நானே என் வாயால சொல்லிர்றேன்னு உங்கம்மா தலையில சத்தியம் பண்ணப் போனேன். அவ தலையத் தள்ளிக்கிட்டு, "உங்க தலையில பண்ணிக்கங்க, எனக்கு எதுக்கு வம்பு"ன்னா. நீ ஜெர்மனிக்குப் போனப்பறமும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் போட்டு, "சொல்லிட்டீங்களா?"ன்னு கேப்ப. "இந்த வாரம்"பேன். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் முச்சூடும் இந்த வாரம் இந்த வாரம்னே ஓடிப்போச்சு.

அம்புட்டு சரளமா எப்படிப் பொய் வந்துச்சுன்னு நீ கேக்கல. கேட்டிருக்கணும். பழக்கம்டா. உனக்கு மூணு வயசு இருக்கையில, ரெண்டு வருசம், நானும் குடிச்சேன். பம்பு ரூம்ல உக்காந்து, அதே ஸ்ட்ராங் பீருதான், சூடாக் கிடந்தாலும் மடக்கு மடக்குன்னு. ருசியாவது ஒண்ணாவது. குடிச்சு முடிச்சதும் நாலு கிராம்பை வாயில போட்டு மென்னுக்கிட்டே வருவேன். சட்டைப் பையில எப்பவும் ஒரு பொட்டலம் கிராம்பு. உங்கம்மா கேட்டா, பல்லு வலின்னு சொல்லுவேன். ரெண்டு வருசமாவா ஒரு மனுசனுக்குப் பல்லு வலிக்கும்? ஒரு நாள் காலையில நம்ம தெரு லைனைத் தொறந்தேன். வாய் முழுக்கக் கிராம்பு, நாக்கு மரத்துக் கிடக்கு, மொத மடக்கை வாயில வச்சேன், ஒண்ணும் தெரியல, விட்டுட்டேன். அம்புட்டும் சேறு. தெருவே அண்டா அண்டாவா பிடிச்சு வாசல்ல கொட்டுனாங்க. வீட்டுக்கு வந்தா உங்கம்மா ஒரு டம்ளர்ல அந்தத் தண்ணிய வச்சு நீட்டுறா. "உங்க நாக்கு எங்கங்க போச்சு? கிராம்புக்கு அடியில ஒளிஞ்சுக்கிச்சோ?"ன்னா. அப்பத்தான் தெரிஞ்சுச்சு, ரெண்டு வருசமா அவளுக்கு எல்லாம் தெரியும்னு. அன்னியோட விட்டேன். விட்டது குடிய மட்டும்தான். மறைக்கிற பழக்கம் வாயிலேயே தங்கிருச்சு போல, நத்தத்துல வெளிய வந்துச்சு.

உன் வேலை மேல எனக்கு அத்தனை வருசம் இருந்த கோவம் இதுதான் அப்பு. நீ பீர் செய்யிற எடத்துக்குப் போனேன்னு இல்ல. நான் ஒளிச்சு வச்சதை நீ மேசையில வரிசையா நிப்பாட்டுன. அது எனக்குத் தாங்கல.

ஈஸ்டர் முடிஞ்சு மொத ஓலை வந்துச்சு. நீ அங்க போயி மறந்திருப்ப: பூசை முடியிற நேரத்துல சாமியார் உம்பேரையும் எம்பேரையும் சொல்லி, செலின் பேரையும் சொல்லி, இவங்களுக்குக் கல்யாணம், தடை இருக்குறதாத் தெரிஞ்சவங்க வந்து சொல்லக் கடமைப்பட்டவங்கன்னு மூணு ஞாயிறு வாசிப்பாரு, பொண்ணு ஊர்க் கோயில்லயும் அதே மாதிரி வாசிப்பாங்க. எத்தனையோ ஓலை கேட்டிருக்கேன், கொட்டாவி விட்டுக்கிட்டே. இந்தத் தடவை அந்தக் கடைசி வரி வந்தப்ப முதுகெல்லாம் வேர்த்துருச்சு. கோயில்ல அம்புட்டு சனத்துல எந்திரிச்சுச் சொல்லவேண்டிய ஆளு நான்தான், நானே முன் பெஞ்சுல இஸ்திரி போட்ட சட்டையோட உக்காந்திருக்கேன். ரெண்டாவது ஞாயிறு அதே வரி வந்தப்ப உங்கம்மா முழங்கையால விலாவுல ஒரு இடி இடிச்சா. இன்னும் வலிக்குது.

அதான் இன்னைக்குப் போனேன். டீச்சரம்மா மாங்காயக் கீறி உப்புத் தடவி முறத்துல பரப்பிக்கிட்டு இருந்தாக. நான் சொல்லச் சொல்ல அருவாமணையில கை நிக்கவே இல்ல. கடைசியா, "முழுங்குவாரா?"ன்னு கேட்டாக. "முழுங்குவான். இருபது வகை வந்தா இருபது மடக்கு. வேலை முடிஞ்சா குடிக்கிறதில்லைங்குறான். நான் கூட இருந்து பாக்கல டீச்சர், அவன் சொன்னதைச் சொல்றேன்"னேன். இன்னும் நாலு வார்த்தை உனக்கு ஆதரவா சேத்துச் சொல்லிருக்கலாம். சேக்கல. சேத்தா மறுபடியும் பழைய கதைதான். "சரி, போயிட்டு வாங்கண்ணே"ன்னாக. எப்பப் போனாலும் ஒரு பை மாங்காயோ புளியோ குடுக்காம அனுப்ப மாட்டாக. இன்னைக்கு வெறுங்கையோட பஸ் ஸ்டாப்புல நின்னேன். நம்ம சோலி முடிஞ்சதுன்னு அப்பவே தோணிருச்சு. எழுத முடியல, நிப்பாட்டுறேன்.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. விட்ட எடத்துலருந்து எழுதுறேன்.

காலையில கோயிலுக்குப் போனோம். பூசை முடிஞ்சு சாமியார் தாளைக் கையில எடுத்தாரு. வேற ரெண்டு சோடிப் பேரை வாசிச்சாரு. அப்பறம் நிறுத்தி, கண்ணாடியத் தொடச்சாரு. அப்பு, அந்த மனுசன் கண்ணாடியத் தொடச்ச நேரத்துல நான் செஞ்ச பாவத்தையெல்லாம் ஒரு சுத்து நெனச்சுட்டேன். போட்டுக்கிட்டு வாசிச்சாரு: உம்பேரு, செலின் பேரு, மூணாம் முறை. உங்கம்மா என் கையப் புடிச்சா. "வாசிச்சுட்டாங்க"ன்னேன். "காது இருக்கு எனக்கும்"னா, ஆனா கைய விடல.

வீட்டுக்கு வந்து வேட்டிகூட மாத்தல, வாசல்ல ஆட்டோ நின்னுச்சு. டீச்சரம்மாவும் செலினும். மைனி வாங்கன்னு உங்கம்மா ஓடுறா, நான் நாற்காலிய இழுத்துப் போட்டேன். டீச்சரம்மா உக்காந்து, முந்தானையால மொகத்தைத் தொடச்சுட்டுச் சொன்னாக: "ஓலை வாசிச்சாச்சுன்னு நிம்மதியா இருக்காதீங்கண்ணே. தாலி ஏறுற வரைக்கும் எனக்கு வாய் இருக்கு. காலையில எங்க சாமியார் வீட்டு வாசல் வரைக்கும் போனேன், நிறுத்தச் சொல்ல. நிறுத்துங்கன்னா ஏன்னு கேப்பாரு. பீருன்னு சொல்லணும். அது என்ன ஏதுன்னு எனக்கே தெரியாது. எங்க வீட்டுல கிடந்த பாட்டில் எல்லாம் வேற. தெரியாததைச் சொல்லி ஒரு பையன் தலையெழுத்தைக் கெடுக்கலாமான்னு திரும்பி வந்துட்டேன். உங்க மகன் கொண்டாந்தது ஏதாச்சும் மிச்சம் இருக்கா? காட்டுங்க."

நான் உங்கம்மாவைப் பாத்தேன். அவ போயி ஃபிரிட்ஜுல கருவேப்பிலைக்கு அடியிலருந்து அந்தப் பேப்பர்ப் பொட்டலத்தை எடுத்தாந்தா. நீயும் நானும் தொறக்கவேண்டிய பாட்டிலு. மன்னிச்சிரு, தொறந்துட்டேன். நீ காட்டுன மாதிரியே டம்ளரைச் சாச்சு, கடைசியில நிமித்தி ஊத்துனேன். கலங்கலா, இளநீர் வழுக்கை கலந்த மாதிரி, மேல ரெண்டு விரக்கடை நுரை. டீச்சரம்மா டம்ளரைத் தள்ளியே புடிச்சு மோந்தாக. ஆச்சரியமாப் பாத்தாக. "பழ வாசம். சிறுமலைப் பழம்"னாக. எனக்குப் பெருமை தாங்கல. "ஆமா டீச்சர், அவனும் அதான் சொன்னான்"னேன். மறுபடியும் கிட்டக் கொண்டு போனாக. அப்பத்தான் மொகம் வெளுத்துப்போச்சு. டம்ளரை மேசையில வச்சுட்டாக.

"கிராம்பு"ன்னாக.

நான் வாங்கி மோந்தேன். ஐயோ, ஆமா. கிராம்பேதான். பரீட்சைன்னு சொல்லி நீ என்கிட்ட மறைச்ச வாசம் அதுதானாடா? உலகத்துல எத்தனை வாசம் இருக்கு! டீச்சரம்மா செவத்தைப் பாத்துக்கிட்டே பேசுனாக. "எங்க வீட்டுக்காரரு சட்டைப் பையில எப்பவும் கிராம்பு இருக்கும்ணே. துவைக்கையில நூலோட நூலா வரும். வாசல்ல அந்த வாசம் வந்தாலே செலின் அடுப்படிக்கு ஓடிரும். குடி வாசத்தைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். மறைக்கிறேன்னு அதுக்கு மேல ஒண்ணைப் போட்டுக்கிட்டு வந்து, பச்சைப் புள்ளைகிட்டப் பல்லு வலின்னு சொல்லுவாக பாருங்க, அதைத்தான் இன்னிக்கு வரைக்கும் செமிக்க முடியல."

பல்லு வலி! எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. நான் உங்கம்மாவைப் பாக்க, அவ தரையப் பாத்தா. சொல்லாம விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. "டீச்சர், நானும் மென்னேன்"னு சொல்லிட்டேன். "ரெண்டு வருசம். பல்லு வலின்னுதான் நானும் சொன்னேன். எம்மகனுக்கே இன்னும் தெரியாது, முந்தாநேத்துத்தான் எழுதிருக்கேன்"னு இந்தத் தாளை எடுத்து நீட்டுனேன். அவுக வாங்கி, அந்த எடத்தை நின்னு நிதானமா வாசிச்சாக. டீச்சர்ல, தப்புத் தேடுறாகளோன்னு பயமாத்தான் இருந்துச்சு.

வாசிச்சு முடிச்சுட்டு, டம்ளரைக் காட்டி, "இதுலயும் மறைக்கத்தான் போட்டிருக்காங்களா?"ன்னு கேட்டாக. அதுவரைக்கும் வாயே தொறக்காத செலின், "இல்லம்மா. அதுல கிராம்பே போடல. அந்த ஊரு ஈஸ்ட்டுக்கு அது சொந்த வாசம். மாவு புளிக்கிற மாதிரிப் புளிக்கையில தானா வருமாம். அவங்க சொல்லிருக்காங்க"ன்னுச்சு. டீச்சரம்மா திரும்பிப் பாத்தாக. "அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?" புள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டு, "எங்கிட்டப் பேசுன மொத நாளே சொல்லிட்டாங்கம்மா. உங்ககிட்டச் சொல்லவான்னு கேட்டேன். 'எங்கப்பா ஒரு சொல்லு சொல்லிட்டாரு, அதை அவரே வந்து அவுப்பாரு, கொஞ்சம் பொறு, அவரு அப்படிப்பட்ட ஆளுதான்'னாங்க"ன்னுச்சு.

ஏலே, அப்படியாடா சொன்ன? அந்தத் தவசு காலம் முச்சூடும் இந்த வாரம் இந்த வாரம்னு உன்னைய ஏய்ச்சுக்கிட்டு இருந்த ஆளைப் பத்தியா? எனக்கு அழுகை வந்துருச்சு. சனத்துக்கு முன்னாடி அழுதுட்டேன், என்ன பண்ண. செலின் எந்திரிச்சு வந்து, "மாமா, தண்ணி குடிங்க"ன்னு சொம்பை நீட்டுச்சு. அது ஆத்தூர்த் தண்ணி. அம்புட்டு ருசியா நான் குடிச்சதே இல்ல.

டீச்சரம்மா, மகள் மறைச்சதுக்கு வீட்டுல போயி வச்சுக்கிறேன்னுட்டு, என்கிட்டத் திரும்பி, "எத்தனை பேருகிட்டண்ணே குளிர்பானம்னு சொல்லிருக்கீங்க?"ன்னாக. நானும் உங்கம்மாவும் விரல் விட்டுப் பாத்தோம். சித்தப்பா வீடு, ரெண்டு அத்தை வீடு, தெருவுல நாலு வீடு, கோயில் உபதேசியார், பத்திரிக்கை அடிக்கிற பிரஸ்காரரு வரைக்கும் பதினாலு பேரு. "எனக்கு மட்டும் சொன்னாப் பத்தாது. அம்புட்டுப் பேருக்கும் இந்தக் கடிதாசி போகணும்"னாக. ஆகட்டும்னேன். அதனால இது இனிமே உனக்கு மட்டும் எழுதுனது இல்ல அப்பு. நாளைக்கு ஜெராக்ஸ் போட்டுப் பத்திரிக்கையோட சேத்தே குடுக்கப் போறேன். வாசிக்கிற சொந்தங்களே, தெருக்காரங்களே, அந்தச் சேத்துத் தண்ணியும் நான் விட்டதுதான்.

உனக்குச் சொல்ல எனக்குப் பெருசா புத்தி ஒண்ணும் மிச்சமில்ல. செலினைக் கூட்டிக்கிட்டு அங்க போன புதுசுல அதுக்கு ஒண்ணும் பிடிக்காது. புதுத் தண்ணி நாக்குல ஒட்ட நாளாகும். எங்க ஊரு ஒசத்தியா உங்க ஊரு ஒசத்தியான்னு ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. அவ தண்ணி ஒண்ணு, உன் தண்ணி ஒண்ணு, ரெண்டுக்கும் ஒத்துவர்றதை வச்சு உங்க ரெண்டு பேருக்குன்னு ஒண்ணைச் செஞ்சுக்கங்க. மனத்தாங்கல் வந்தா அன்னிக்கே பேசிருங்க, மாசக்கணக்காப் போட்டு வைக்காதீங்க, அட்டைப்பெட்டி வாசம் வந்துரும். நீ சொல்லிக் குடுத்ததைத்தான் உனக்கே திருப்பிச் சொல்றேன்.

கிளம்புறப்ப டீச்சரம்மா ஆட்டோவுல இருந்த பையை எடுத்து உங்கம்மா கையில குடுத்தாக. மாங்காய். அதைப் பாத்ததும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. ஆட்டோவுல ஏறி உக்காந்துட்டு, உனக்குச் சொல்லச் சொல்லி ஒண்ணு சொன்னாக. ஒரு எழுத்து மாத்தாம எழுதுறேன்: "மாப்பிள்ளை வேலை முடிஞ்சு எந்த வாசத்தோட வேணா வீட்டுக்கு வரட்டும்ணே. எம்மக பொறுத்துக்கும். கிராம்பு மென்னுட்டு மட்டும் வரக் கூடாது."

உங்கம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "அப்பக் கல்யாணப் பிரியாணிக்கு என்ன பண்றது மைனி?"ன்னு கேட்டுட்டா. எனக்குப் பக்குன்னுச்சு. டீச்சரம்மா சிரிச்சாக அப்பு. நாலு மாசத்துல அவுக சிரிச்சு நான் பாத்ததே இல்ல. "அதுல அள்ளிப் போடுங்க"ன்னாக.

வாரப்ப இன்னொரு கோதுமை பீர் கொண்டா. துணிக்குள்ள ஒளிக்காத, பெட்டியில மேலாக வையி.

வாயில ஒண்ணும் மெல்லாம எழுதுற,
உங்கப்பா.